எண்ணத்துக்கு ரசீது

வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் முதல் சம்பளத்திலேயே மாநில வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் கலிஃபோர்னியா. அப்போது "உன் மனசு இங்கேதானா?" என்று கேட்பதில்லை. அதே பெண் மாநிலம் நடத்தும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கேட்டுப் போய் நின்றால்தான் சர்க்காருக்குத் தத்துவ விசாரம் பிடித்துக்கொள்கிறது.

உடம்பு 366 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். சரி, எண்ணிக் காட்டலாம். கூடவே, இங்கேயே தங்கிவிடும் எண்ணமும் வேண்டுமாம். அதற்குச் சாட்சி ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு. மின்கட்டணச் சீட்டு அறைத்தோழி பெயரில் வருகிறதா? ஒரு சாட்சி போச்சு. "படிக்கத்தான் வந்தேன்" என்று உண்மையைச் சொன்னாலோ எத்தனை வருஷமானாலும் வெளியூர்க்காரிதான். கோடை விடுமுறைக்கு அரிசோனாவில் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் சாப்பிட்டு வந்தால் எண்ணத்தில் ஓட்டை.

கட்டண வித்தியாசம் சில்லறையா? ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல்!

பெற்றோர் வேறு மாநிலத்தில், வயது 24க்குக் கீழே என்றால் சொந்தக் காலில் நிற்பதையும் நிரூபிக்க வேண்டும். விலக்குகள் உண்டு: ராணுவத்தில் இருந்தவர், மணமானவர், தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். ஆக, பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு அரசு சொல்லும் வழி: துப்பாக்கி தூக்கு, கழுத்தை நீட்டு, இல்லையென்றால் வீட்டில் இழவு விழட்டும். ஓட்டலில் தட்டுக் கழுவிப் பிழைக்கிறவள் மட்டும் வங்கிக் கணக்கை வரிவரியாக விரித்துக் காட்டவேண்டும்.

கனெக்டிகட் ஒரு காலத்தில் இந்த நாடகமெல்லாம் ஆடவில்லை. விண்ணப்பித்தபோது விலாசம் வெளிமாநிலமா, படிப்பு முடியும்வரை நீ அந்நியன். உள்ளூர்க்காரரை மணந்து, உரிமமும் வாக்குரிமையும் அங்கேயே வாங்கிவிட்ட பெண்ணுக்கும் அதே பதில். 1973இல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிரூபிக்க வாய்ப்பாவது கொடுங்கள் என்றது. கொடுத்தார்கள் புண்ணியவான்கள், அந்த வாய்ப்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா கேட்கும் இத்தனை சாட்சிக் காகிதமே மாதிரி.

இத்தனை சந்தேகம் ஏன்? 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கலிஃபோர்னியா அரசு கையைச் சுருக்கிக்கொள்ள, வெளிமாநில மாணவர் கறவை மாடானார். உள்ளூர்ப் பெற்றோர் கொதித்த பிறகு, 2017இல் பல்கலைக்கழகத்தின் ஐந்து வளாகங்களில் வெளிமாநில மாணவருக்கு 18 சதவீத வரம்பு போட்டார்கள். ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்ட பெர்க்லி போன்ற இடங்களுக்கு? அன்று தாண்டியிருந்த அளவையே வரம்பாக வைத்தார்கள்! மடி கனத்த மாட்டைப் பார்த்து "இது எங்கள் வீட்டுப் பெண்" என்று எந்தக் குமாஸ்தா கையெழுத்துப் போடுவான்?