ஓட்டல் நாகரிகம் வீட்டிலும் குறையாதவரைப் பற்றிய ஆராய்ச்சி

ஓட்டலில் சாப்பிடும் அதே நாகரிகத்தோடுதான் வீட்டிலும் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் விஞ்ஞானம் அவரை நம்புவதில்லை. 1960இல் அமெரிக்க உளவியலாளர்கள் டக்ளஸ் க்ரௌனும் டேவிட் மார்லோவும் தயாரித்த வினாத்தாளின் 33 கூற்றுகளில் இதுவும் ஒன்று. ‘சரி’ என்றால் ஒரு மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற ஆளின் மதிப்பு இறங்கும். அந்தத் தாள் தேடுவது நல்லவரை அல்ல, நல்ல பெயருக்கு ஏங்குபவரை. யாரையும் கடுமையாக வெறுத்ததே இல்லை, எல்லா வேட்பாளர்களின் தகுதியையும் அலசிய பிறகே ஓட்டுப் போடுகிறேன் என்பவர்களும் அதே வலையில் விழுவார்கள். (இரண்டாமவர் விழ வேண்டியவர்தான்.) இப்படி ஒரு மனிதன் இருக்கவே முடியாது என்ற முன்முடிவை அப்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் குற்றச்சாட்டு.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1953இல் உளவியலாளர் ஆலன் எட்வர்ட்ஸ் 140 கூற்றுகளை ஒரு கூட்டத்தாரிடம் கொடுத்து, எது எவ்வளவு மெச்சத்தக்கது என்று கேட்டார்; இன்னொரு கூட்டத்தாரிடம் எது தங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டார். இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.87. ஊர் எதை மெச்சுகிறது என்று தெரிந்துவிட்டால் ஆளைக் கேட்கவே வேண்டாம் போலிருக்கிறது! ஆனால் ஊர் மெச்சுவதைப் பலரும் உண்மையாகவே செய்துவருவதாலும் இந்த எண் வரலாமே? பல் துலக்குவது மெச்சத்தக்கது. துலக்குகிறேன் என்பவரெல்லாம் புளுகர்களா?

அப்படியானால் உண்மையை யாரிடம் கேட்பது? 1983இல் உளவியலாளர்கள் ராபர்ட் மக்ரேயும் பால் காஸ்டாவும் சரியான கதவைத் தட்டினார்கள்: வாழ்க்கைத்துணை. இத்தகைய வினாத்தாள் தரும் புளுகு மதிப்பெண்ணைக் கொண்டு, ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன விடைகளைத் திருத்தினால் அவை துணை சொல்வதோடு கூடுதலாக ஒத்துப்போக வேண்டும் அல்லவா? போகவில்லை, பெரும்பாலும் முன்பிருந்த ஒற்றுமையும் குறைந்தது. தங்களை நல்லவர்கள் என்றவர்களில் பலர் வீட்டாரின் கண்ணுக்கும் ஏறக்குறைய அப்படியே தெரிந்திருக்கிறார்கள். துணையும் குடும்பப் பெருமைக்காகப் பூசி மெழுகியிருக்கலாமே என்று வாதிடலாம். அப்படிப் பார்த்தால் துணைக்கு ஒரு புளுகு அளவுகோல், அதைச் சரிபார்க்க மாமியாருக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு நிதி தராது. சாப்பாட்டுக் கூற்றை நீக்கவும் வேண்டாம். அதன் கீழே, வீட்டில் பரிமாறுபவர் கையொப்பமிட ஒரு கட்டம் போட்டால் போதும்.