செம்பனை ஜிம்

சுமையை மெல்ல மெல்ல ஏற்றினால்தான் உடல் வலுக்கும் என்பது பயிற்சியாளர்களின் வேதவாக்கு. தினமும் கன்றுக்குட்டியைத் தூக்கித் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கிய கிரேக்க மைலோவின் கதையைச் சான்றாகக் காட்டுவார்கள். மலேசியாவின் பெடாஸ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களோ மாதச் சந்தாகூட வாங்காமல் இதை நடத்துகின்றன. நட்ட மூன்றாம் ஆண்டில் செம்பனைக் குலை சில கிலோதான். மரம் முற்றினால் 20 கிலோவைத் தாண்டும். மரம் உயர உயர, அரிவாள் கட்டிய கம்பும் நீளும். எடை ஏற்ற மறக்கும் சோம்பேறிக்கு இங்கே இடமில்லை, மரமே ஏற்றிவிடும்.

தசை தேற 48 மணி நேரம் வேண்டாமா என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தான் வாரம் ஒரு நாள் ஓய்வு. 2023 முதல் வார வேலைநேர வரம்பே 48 மணியிலிருந்து 45 ஆகிவிட்டதே! மிச்ச வலிக்குப் பெடாஸ் வெந்நீர் ஊற்று இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் கொஞ்சம் நகர்ந்துகொண்டால். குடும்பத்தோடு கழிக்க நேரம்? உதிரிப்பழம் பொறுக்க மனைவியும் வந்துவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்தது. ஓய்வின் அருமை தோட்டத்துக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏறக்குறைய 25 ஆண்டு உழைத்த மரத்துக்கு ஓய்வு கொடுத்து, புதுக்கன்று நடுகிறார்கள். குலை வெட்டுகிறவருக்கு ஓய்வு வயது 60.