அசுவ ஹிருதயம்

கேள்வி: பத்து காந்தோங் திடலில் குதிரை ஓடுவதே நின்றுவிட்டது. இனி ஜாக்கிகளைப் பற்றிப் பேசி என்ன பயன்?
(ஒரு வாசகர், பாயான் பாரு)

பதில்: 1864-இல் தோன்றிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025 மே 31-ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியதையும், அதற்கு முந்திய அக்டோபரிலேயே சிங்கப்பூரின் கிராஞ்சித் திடல் ஓய்ந்துபோனதையும் நினைக்கையில் எனக்கு உண்டாகும் துக்கம் பணம் கட்டுகிறவர்களின் துக்கம் அன்று, லாயத்தில் லத்தி வாரத் தொடங்கும் சிறுவன் வருஷக்கணக்கான அப்பியாசத்தால் நிபுணனாகிற ஒரு பள்ளிக்கூடம் நம் தீவை விட்டுப் போயிற்றே என்னும் துக்கம். அத்தகைய பள்ளியில் எப்பேர்ப்பட்ட மாணாக்கன் உருவாகலாம் என்பதற்கு அயர்லாந்துக்காரரான பாட் எடெரியைச் சொல்வேன்.

கேள்வி: யார் அவர்?
(சுங்கை ஆரா வாசகி)

பதில்: கில்டேர் பகுதியிலுள்ள நியூபிரிட்ஜில் 1952-இல் பிறந்தவர். தந்தை ஜிம்மியும் ஜாக்கியே; 1955-இல் பானஸ்லிப்பர் என்னும் குதிரையில் அயர்லாந்து டெர்பியை வென்றவர். மகன் இங்கிலாந்து சென்று, பிரெஞ்சி நிக்கல்சன் என்ற பயிற்சியாளரிடம் குருகுலவாசம் செய்து, 1969-இல் எப்சம் திடலில் முதல் வெற்றியைக் கண்டபோது அவருக்குப் பிராயம் 17. பிறகு 11 முறை பிரிட்டனின் முதல் ஜாக்கி; 2003-இல் ஓய்வு பெறுவதற்குள் அந்நாட்டில் 4,632 வெற்றிகள்.

கேள்வி: ஓடுவது குதிரை, புகழ் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பவருக்கா?
(ஒரு வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: 1986 ஜூனில் டான்சிங் பிரேவ் என்னும் குதிரை, வேறொருவர் ஏறியிருந்தபோது, எப்சம் டெர்பியில் வெகுதூரம் பின்தங்கி, கடைசியில் காற்றாய்ப் பறந்து வந்தும் இரண்டாவதாகவே முடிந்தது. அதே குதிரையை அக்டோபரில் பாரிஸ் நகரத்து லோங்ஷாம்ப் திடலில் எடெரி செலுத்தினார். அவரும் முந்தவிடாமல் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தார், பார்த்தவர்கள் பதைத்திருப்பார்கள். நேர்பாதை வந்ததும் வெளிப்புறமாக விட்டார் பாருங்கள், ஐரோப்பாவின் உத்தமக் குதிரைகளெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றின! இரண்டு பந்தயத்திலும் குதிரை ஒன்றே, பின்தங்கலும் ஒன்றே. கடிவாளத்தைத் தளர்த்திய க்ஷணம் மட்டுமே வேறு. அந்த க்ஷணத்தைக் கண்டறிபவருக்கே அந்தப் புகழ் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: ஜாக்கிகள் எடைக்காகப் பட்டினி கிடப்பார்களாமே?
(ஒரு மாணவி, ஜார்ஜ் டவுன்)

பதில்: கிடப்பதுண்டு. எடெரி காலத்து டெர்பியில் சேணத்தோடு சேர்த்து 57 கிலோதான். குறைந்தால் ஈயத்தகடு வைத்து நிரப்புவார்கள், மிஞ்சினால் குறைப்பதற்கு வழியில்லை. ஓடுமுன்னும் தராசு, ஓடியபின்னும் தராசு. லாகவம் என்ற ஒரே சொல்லால் இலேசான தன்மையையும் கைத்திறமையையும் சேர்த்துக் குறித்த நம் முன்னோர்கள், ஜாக்கியைக் காணாமலே அவனுக்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள்.

கேள்வி: ஜாக்கியைக் கேட்டுப் பணம் கட்டினால் ஜெயிக்கலாமா?
(இன்னொரு பாயான் பாரு வாசகர்)

பதில்: ஜாக்கிகள் பணம் கட்டுவதற்கே விதி தடை செய்கிறது, ஐயா. குதிரையின் இதயத்தை நளனைப்போல் அறிந்தவர் யார்? அவனே சூதில் நாட்டைத் தோற்றான். அசுவ ஹிருதயம் என்னும் அந்தக் குதிரை வித்தையை ருதுபர்ண மன்னனுக்குக் கொடுத்துச் சூதின் ரகசியத்தைப் பெற்ற பிறகல்லவா மீட்டான்! பணம் பையிலேயே இருக்கட்டும். அந்த லோங்ஷாம்ப் பந்தயத்தின் படத்தைத் தேடி, கடைசி நிமிஷத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.