ஞாயிறு இல்லாத கீபோர்டு

நூறு விசைகளுக்கு மேல் உள்ள கீபோர்டு கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை வாங்காமல், பல மடங்கு செலவழித்து, பாதி விசைகூட இல்லாத ஒன்றைத் தன் கையாலேயே சால்டரிங் செய்து கட்டிக்கொள்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதுவும் நடுவில் இரண்டாகப் பிளந்த கீபோர்டு. வேலை முடிந்து பெருமையோடு மேசையில் வைத்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "கீழே போட்டு உடைச்சிட்டியா?"

கட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு வரிசையும் மேல்வரிசையிலிருந்து சற்றே விலகி நிற்கிறதே, அதற்கும் மனிதக் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழைய தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு தண்டு ஓடியது. தண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காதிருக்க விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1874இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறியின் தண்டுகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அந்த விலகல் மட்டும் மடிக்கணினிவரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

விரல்களுக்கு வேலை பங்கிட்ட விதம் அதைவிட அநியாயம். கையிலேயே பலசாலியான கட்டைவிரல்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொறுப்பு, இடைவெளி விடுவது. அதையும் பலர் ஒரே கட்டைவிரலால் முடித்துவிடுவதால் மற்றது நிரந்தர விடுப்பில் இருக்கிறது. நோஞ்சான் சுண்டுவிரலுக்கோ ஷிப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாம்.

இதைச் சரிசெய்ய 1970களிலேயே பிரிட்டனில் லில்லியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் மால்ட்ரான் என்ற குழிவான கீபோர்டை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் கினிசிஸ் வந்தது. நல்ல பொருள்தான், ஆனால் விலையைக் கேட்டாலே மணிக்கட்டு வலிக்கும். கதை திரும்பியது 2012 வாக்கில். டொமினிக் போஷாம்ப் என்பவர் எர்கோடாக்ஸ் என்ற 76 விசைக் கீபோர்டை வடிவமைத்து, வரைபடங்களை அப்படியே பொதுவில் வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கட்டலாம், மாற்றலாம். மாற்றலாம் என்ற அனுமதிதான் பின்னால் வந்த எல்லா வம்புக்கும் மூலம்.

ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் அடுத்தவர் வடிவமைப்பில் திருப்தி அடைந்தவர் ஒருவரும் இல்லை. ஃபில் ஹேகல்பெர்க்கின் ஏட்ரியஸ் 42 விசையோடு வந்தது. ஃபூஸ்டன் என்ற புனைபெயர்கொண்ட ஜப்பானியரின் கார்ன் கீபோர்டிலும் 42. ஃபெரிஸ் 34க்கு இறங்கியது. எண்களே காணோமே என்று பதறவேண்டாம், அவை அடுத்த 'லேயரில்' இருக்கின்றன. ஒரு கட்டைவிரல் விசையைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா விசைகளும் எண்களாகவோ குறியீடுகளாகவோ வேடம் மாற்றிக்கொள்ளும். இதைச் செய்துதரும் க்யூஎம்கே, இசட்எம்கே என்ற ஃபர்ம்வேர்களும் திறமூலம்தான். விரல் ஒரு விசைக்குமேல் நகரக்கூடாது என்பது கொள்கை. அந்தச் சிறு நகர்வை மிச்சப்படுத்த எத்தனை இரவுகள் விழித்தோம் என்ற கணக்கை யாரும் வெளியில் சொல்வதில்லை. இதை எழுதுகிறவரின் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டுவதில் உள்ள சுவாரசியமே தனி. பொதுவாக விசைக்கு ஒரு டையோடு. கார்ன் என்றால் 42. ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு இருக்கும், அது சரியான பக்கம் பார்க்கவேண்டும். திரும்பிவிட்டால் அந்த விசை மௌன விரதம். ஃபெரிஸ் ஸ்வீப் என்ற வடிவம் இந்தத் தொல்லையையே ஒழித்துவிட்டது. ப்ரோ மைக்ரோ என்ற சின்னக் கணினிப் பலகையில் பயன்படுத்தத்தக்க பின்கள் 18. ஒரு பாதியில் விசைகள் 17, மறுபாதியோடு பேச ஒன்று. கணக்கு கச்சிதம், டையோடுக்கு வேலையே இல்லை. இவ்வளவு அழகான கணக்கு போட்டவர்களை நம்பித்தான் விசைகளைத் துறக்கிறார்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு தந்திரமும் உண்டு. பல வடிவங்களில் இடது வலது இரண்டுக்கும் ஒரே சர்க்யூட் போர்டு. கவிழ்த்துப் போட்டால் மறுகை. எந்தப் பக்கம் எதைப் பற்றவைப்பது என்பதில் கொஞ்சம் கவனம் சிதறினால் இரண்டு இடதுகைகள் தயாராகிவிடும். பலருக்கு ஆகியிருக்கிறது. போர்டு அச்சிடும் சீனத் தொழிற்சாலைகளோ பெரும்பாலும் ஐந்துக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை. ஐந்து போர்டில் இரண்டரைக் கீபோர்டு வரும். தன் தேவைக்கு ஒன்று போக, ஒன்றை நண்பர் தலையில் கட்டுகிறார்கள். மிஞ்சிய அரைக்கு ஜோடி தேட மறுபடி ஐந்து ஆர்டர். இந்த வியாதி பரவும் வழி இதுதான்.

போர்டே வேண்டாம் என்பவர்களுக்கு டாக்டைல் இருக்கிறது. 2015இல் மேத்யூ அடெரத், க்ளோஜர் மொழியில் நிரல் எழுதி அதன் வளைவுகளை வரையவைத்தார். விரல் நீளத்துக்கேற்ப எண்களை மாற்றி 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். குழிவான கூட்டுக்குள் தட்டைப் போர்டு உட்காராததால், ஒவ்வொரு சுவிட்சையும் கம்பியால் தொடுக்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் விண்கல உதிரிபாகம், கவிழ்த்தால் குருவிக்கூடு.

இத்தனைக்குப் பிறகு கைவலி போகுமா என்றால், யாரும் எழுதித் தரமாட்டார்கள். முதல் சில வாரங்கள் தட்டச்சு வேகம் தரைதட்டும் என்பது மட்டும் உறுதி.

தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு இதில் தனிப் பாக்கியம் ஒன்றும் தனிச் சோதனை ஒன்றும் காத்திருக்கின்றன. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடதுகையில், மெய்கள் பெரும்பாலும் வலதுகையில். கைகள் மாறி மாறி இயங்கும் இந்த ஏற்பாடு பிளந்த கீபோர்டுக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. சோதனை, 34 விசைக்கு இறங்கும்போது. வலக்கோடியில் இருக்கும் ச, ஞ, ய மூன்றுக்கும் இடமில்லாமல் போய்விடும். ழ தப்பித்துவிடும், தமிழின் மானம் காக்கப்பட்டது. ஆனால் சட்னி, சாம்பார், சோறு எதுவானாலும் முதல் எழுத்துக்கே லேயர் மாறவேண்டும். வாரம் முழுக்கக் காத்திருந்து சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கோ, ஞ ஒருமுறை, ய ஒருமுறை என்று இரண்டு தரம்.

இதற்கும் க்யூஎம்கே வழி வைத்திருக்கிறது, 'காம்போ' என்று பெயர். பக்கத்துப் பக்கத்து விசைகள் இரண்டை ஒருசேர அழுத்தினால் மூன்றாவது எழுத்து பிறக்கும். த, ந சேர்த்து அழுத்தினால் ய; ட, ண சேர்த்து அழுத்தினால் ச. தகரமும் நகரமும் புணர்ந்தால் யகரம் தோன்றும் என்று நன்னூலில் பவணந்தியார் எங்கும் சூத்திரம் எழுதவில்லை. கீபோர்டு கட்டியவர் நாலைந்து வரியில் எழுதி, கணினியில் ஏற்றி, உடனே சட்னி என்று அடித்துப் பார்த்துக்கொள்கிறார்.