அனுபவம் இருக்குங்களா?

ஆனைமலையில் எங்கள் பக்கத்துத் தோப்புத் தம்பி எம்.பி.ஏ. முடித்துவிட்டு பிரைவேட் ஈக்விட்டி வேலை தேடுகிறான். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "ஃபைனான்ஸ் அனுபவம் உண்டா?"

அந்தத் தொழிலில் பெரிய வித்தை ஒன்று உண்டு. ஊரார் பணத்தோடு கடனும் சேர்த்து ஒரு கம்பெனியை வாங்கி, கடனை அதன் தலையிலேயே கட்டிவிடுவது. 1989-ல் கேகேஆர் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம், ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ கம்பெனியை சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கியது இப்படித்தான்.

தம்பி படித்ததும் அப்பாவின் தென்னந்தோப்பை அடமானம் வைத்துத்தான். வட்டியைத் தோப்பே கட்டுகிறது. இதற்குமேல் என்ன அனுபவம் வேண்டுமாம்?

நியாயம் கேட்டு மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசலாம் என்கிறார் அவன் அம்மா. அப்பாவோ, "மொதல்ல காய் போடற ஆளுக்குக் கூலியக் குடு கண்ணு" என்கிறார்.