அடியில் இருக்கும் படம்

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு வார இதழின் ஓவியப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு பக்கம் என்பது கையால் தூக்கிப் பார்க்கக்கூடிய பொருள். சாய்வு மேசையில் தடித்த அட்டை. அதில் இளநீலப் பென்சிலால் பத்திக் கோடுகள். பிராசஸ் கேமராவின் பிலிமில் அந்த நீலம் விழாது என்பதால் கோடுகளை அழிக்க வேண்டியதில்லை. போட்டோ டைப்செட்டிங்கிலிருந்து நீளநீளமாக வரும் புரோமைடுகளைப் பிளேடால் நறுக்கி, பின்புறம் ரப்பர் சொல்யூஷன் தடவி, டி-ஸ்கொயர் வைத்து ஒட்டுவோம்.

ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டுவதை எங்கள் மூத்த ஆர்ட்டிஸ்ட் அனுமதிக்கவே மாட்டார். காரணம் இருந்தது. மேலே ஒட்டிய காகிதத்தின் விளிம்பு நிழல் போடும். கேமரா அந்த நிழலைக் கோடாகப் பிடித்துவிடும். பிறகு யாராவது ஒருவர் லைட் டேபிளில் நெகட்டிவைப் போட்டு, ஒப்பேக் மையைத் தூரிகையில் தொட்டு, அந்தக் கோட்டை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். “ஒரு ஓரம் கூடினா ஒருத்தன் ராத்திரி போச்சு, தம்பி” என்பார். படத்தின் மேல் தலைப்பு வந்தே தீரவேண்டும் என்றால் அதற்குத் தனித் தாள். அட்டையின் மேல் விளிம்பில் டிரேசிங் தாளை டேப்பால் ஒட்டி, மூலைகளில் ரிஜிஸ்டர் குறி போட்டு, தலைப்பை அந்தத் தாளில் ஒட்டுவோம். இரண்டு நிறம் என்றால் இரண்டு தாள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய, தாளைத் தூக்கினால் போதும். எது மேலே, எது கீழே என்ற சந்தேகம் எங்கள் மேசையில் எழுந்ததே இல்லை. விரல் நுனிக்கே தெரியும்.

1985-இல் ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டாஷுக்காகக் கொண்டுவந்த பேஜ்மேக்கர், சில ஆண்டுகள் கழித்து எங்கள் மேசைக்கும் வந்தது. பிளேடு போயிற்று, சொல்யூஷன் வாசனை போயிற்று, நிழல் விழுகிற விளிம்பும் போயிற்று. எதன் மேல் எதையும் போடலாம், செலவே இல்லை. அந்தச் சுதந்திரத்தை நான் இன்றும் மனதார வரவேற்கிறேன். தலைப்பு படத்துக்குள் இறங்கி வந்ததும், படத்தின் மேல் படம் சாய்ந்து நின்றதும் தமிழ் இதழ்களின் முகத்தையே மாற்றின.

ஆனால் அன்று ஒட்டக் கஷ்டம், எடுக்கச் சுலபம். இன்று ஒட்டச் சுலபம், எடுக்கக் கஷ்டம். திரையில் கனம் கிடையாது. எழுத்து நான்கு சொல்லாக இருக்கும். அதைத் தாங்கும் பெட்டி பக்கத்தின் அகலத்துக்கும் விரிந்து கிடக்கும். கண்ணுக்குப் படம் தெரிகிறது, கிளிக் செய்தால் பிடிபடுவது அதன் மேலிருக்கும் காலிப் பெட்டி. எங்கள் பக்கத்து டிடிபி சென்டரில் வேலை பார்க்கும் பெண் போன வாரம்கூட, “சார், படம் கண்ணு முன்னாடி இருக்கு, பிடிக்க மட்டும் முடியல” என்று என்னைக் கூப்பிட்டாள்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். மேலே இருப்பதைப் பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அடியில் உள்ளதைச் சரிசெய்து, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. திரும்பி வரும்போது அது அரை மில்லிமீட்டராவது தள்ளித்தான் உட்காரும். கொண்டுவரவே மறந்தால், பக்கத்துக்கு வெளியே கிடப்பது அச்சில் வராது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இப்படி விடுபட்டு, அச்சாகி வந்த பிறகு அந்தக் குடும்பம் பட்ட மனவருத்தத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு கெட்ட வழக்கம், பழைய எழுத்தை அழிக்காமல் அதன் மேல் வெள்ளைப் பெட்டி போட்டு மறைப்பது. அடுத்த ஆண்டு அதே கோப்பைத் திறப்பவர் அந்தப் பெட்டியை நகர்த்தினால் போன ஆண்டின் தேதி எட்டிப் பார்க்கும்.

இத்தனைக்கும் வழி அன்றே இருந்தது. பேஜ்மேக்கரில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அதே இடத்தில் கிளிக் செய்துகொண்டே போனால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படி கீழே இறங்கும். எதையும் நகர்த்த வேண்டாம். இன்டிசைனிலும் இதே கண்ட்ரோல்-கிளிக்தான். எலியைத் தொடாமல் இறங்க கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு இடது சதுர அடைப்புக்குறி விசை. கோரல்டிராவில் ஆல்ட்-கிளிக்; டேப் விசையைத் தட்டினால் பக்கத்திலுள்ள ஒவ்வொன்றாகச் சுற்றி வரும்.

சிவகாசி பக்கம் கோரல்டிரா தெரியாமல் பிழைக்க முடியாது. அங்கே சிக்கல் வேறு மாதிரி. அச்சகத்துக் கணினியில் நம் எழுத்துரு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் எழுத்தை எல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கி அனுப்புவார்கள். அதிலே ஒரு எழுத்தை மட்டும் பிடிக்க நினைத்து யாராவது கண்ட்ரோல்-கே அழுத்திப் பிரித்தால், ‘க’வின் உள்துளை தனி வடிவமாகப் பிரிந்து, மை அப்பிய மாதிரி அடைத்துக்கொள்ளும். வடிவங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல்-எல் கொடுத்துச் சேர்த்தால் துளை மீண்டும் திறக்கும். வயர்ஃபிரேம் பார்வைக்கு மாறினால் நிறமெல்லாம் விலகி வெறும் கோடுகள் தெரியும், எதன் அடியில் எது என்று அப்போது பிடிபடும். கட்டம் இழுத்துத் தேர்ந்தெடுப்பதிலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு நியாயம். பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் பொருள் முழுதாகக் கட்டத்துக்குள் விழ வேண்டும். இன்டிசைனில் கட்டம் தொட்டாலே போதும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் வேண்டாததையும் சேர்த்து அள்ளிவிடுகிறது.

லேயர் வசதி 1996-இல் பேஜ்மேக்கர் 6.5-இலேயே வந்துவிட்டது. அது எங்கள் டிரேசிங் தாளேதான். படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, அலங்காரத்துக்கு ஒன்று. வேண்டாததைப் பூட்டலாம், மறைக்கலாம். 2010-இல் வந்த இன்டிசைன் சிஎஸ்5-இல் ஒவ்வொரு பொருளும் லேயர் பட்டியலில் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. பட்டியலில் தொட்டே அடியில் இருப்பதை எடுக்கலாம். ஆனால் இன்று என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே லேயர்தான், அதற்குப் பெயரும் கிடையாது. தாளைத் தனித்தனியாகத் தூக்கிப் பார்க்கப் பழகிய தலைமுறை கணினிக்கு வரும்போது அந்தப் பழக்கத்தைப் பின்வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ் எழுத்துருக்களுக்காகவே யூனிகோடு அறியாத பேஜ்மேக்கரைப் பிடித்துக்கொண்டு வெகுகாலம் உட்கார்ந்திருந்தோம். எழுத்து சரியாக வருகிறதா என்ற கவலையிலேயே அடுக்கைப் பற்றிய கவலை போய்விட்டது.

டிடிபி வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்திலேயே நிழலும் மினுமினுப்பும் சொல்லித்தராதீர்கள். ஒரு படம், அதன் மேல் ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு தலைப்பு என்று வைத்து, எதையும் நகர்த்தாமல் அடியில் உள்ள படத்தை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் மூன்று லேயரில் பெயரிட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மற்றதைத் தொடங்கலாம்.