கல்லை நட்டுட்டு எறங்கும், மருமவனே!

வாரும் மருமவனே, இப்படி உக்காரும். உம்ம கம்ப்யூட்டர் பெட்டி ராத்திரி பூராவும் உறுமுதுன்னு உம்ம அம்மைக்கு ஒரே புலம்பல். நான்தான், "சும்மா கெட தங்கச்சி, பய மாண்டல்பிராட் கணத்துக்குள்ள எறங்கிக்கிட்டிருக்கான், பாதியில நிறுத்துனா பாவம்"னு சொல்லி வச்சிருக்கேன். 200 வாட் இழுக்குற பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடுனா 4.8 யூனிட்டு. அந்தக் கணக்கை மட்டும் அவகிட்ட சொல்லலை. தாய்மாமன்னு ஒருத்தன் பின்ன எதுக்கு இருக்கான்?

எனக்கு என்னவே தெரியும், நான் கைநாட்டு. நீரு சொல்லித்தான் எல்லாம். சைபர்ல ஆரம்பிக்கணும். இருக்கிற எண்ணை அதாலயே பெருக்கணும், புள்ளியோட எண்ணைக் கூட்டணும், வந்ததை மறுபடி பெருக்கணும், கூட்டணும். அளவு 2-ஐத் தாண்டிட்டா அது ஓடிப்போன கழுதை, திரும்பாது. எத்தனாவது அடியில ஓடிச்சோ அதைப் பாத்து ஒரு நிறம். ஓடாம உள்ளயே சுத்துறதுக்குக் கறுப்பு. இவ்ளோதானே சங்கதி? இந்த ஒத்தை வரிக் கணக்கை வச்சுக்கிட்டு உலகத்துல எத்தனை பேரு தூக்கத்தைத் தொலைச்சிருக்காங்க!

1978-ல புரூக்ஸு, மட்டெல்ஸ்கின்னு ரெண்டு பேரு நட்சத்திரக் குறியா அடிச்சு ஒரு மங்கல் படம் காட்டுனாங்க. ஒருத்தரும் பெருசாக் கண்டுக்கிடலை. 1980-ல நியூயார்க் பக்கம் யார்க்டவுன் ஹைட்ஸ்ல இருக்கிற ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துல பெனுவா மாண்டல்பிராட் பாத்தாரு. சுத்தியும் தீவு தீவா என்னமோ செதறிக் கெடக்கேன்னு நெனச்சாரு. ரெண்டு வருசத்துல துவாதி, ஹப்பார்டுன்னு ரெண்டு கணக்குப் புலிங்க வந்து, தீவும் இல்லை தோப்பும் இல்லை, கண்ணுக்குத் தட்டாத இழையில எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்குன்னு நிரூபிச்சுட்டாங்க. 1985 ஆகஸ்டுல 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' அட்டையில இந்தப் படம் வந்துச்சு. உள்ள டியூட்னின்னு ஒருத்தர், வீட்டுக் கம்ப்யூட்டர்லயே இதை எப்படிப் போடலாம்னு எழுதுனாரு. அன்னைக்குப் பிடிச்ச கோட்டிதான் இது. 1988-ல 'ஃப்ராக்ட்386'னு வந்து, பொறவு 'ஃப்ராக்டின்ட்'னு பேரு மாறுன நிரல் ஒண்ணு உண்டு பாரும், அதைச் செஞ்சவங்க சமர்த்தனுங்க. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்ல இருந்த 386 சில்லுக்குத் தசமக் கணக்குப் போட தனியா இன்னொரு சில்லு வாங்கணும், அதுக்குக் காசு வேணும். இவங்க முழு எண்ணை வச்சே தசமத்தை ஏமாத்திப் படத்தை ஓட்டுனாங்க. இல்லாதவனுக்குத்தான்வே மூளை வேலை செய்யும். உம்மகிட்ட எல்லாம் இருக்கு, அதான் சொல்லுதேன்.

கம்ப்யூட்டர்ல வழக்கமா இருக்கிற தசம எண்ணுக்கு 15, 16 இலக்கத்துக்கு மேல கண்ணு தெரியாது. ஒண்ணுக்குப் பின்னால 13, 14 சைபர் போட்டுப் பெருசாக்கிப் பாத்தா, படம் கட்டம் கட்டமா ஒடைஞ்சு போவும். அதுக்குக் கீழ எறங்கணும்னா நீள எண் வேணும். நூறு இலக்கம், ஆயிரம் இலக்கம்னு. 1920-க்கு 1080 படத்துல 20,73,600 புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் ஆயிரம் இலக்கப் பெருக்கலை லட்சக்கணக்கான தடவை போடணும்னா, உம்ம பேரன்தான் வந்து படத்தைப் பாக்கணும்.

2013-ல கே. ஐ. மார்ட்டின்னு ஒருத்தர் 'சூப்பர்ஃப்ராக்டல்திங்'னு ஒரு நிரல் எழுதி இந்த முடிச்சை அவுத்தாரு. நம்ம ஊரு சர்வேயர் செய்யிற வேலையைத்தான் அவரும் செஞ்சாரு. கல்லு ஒண்ணை நட்டு அதை மட்டும் சுத்தமா அளந்துக்கிட்டா, உம்ம வரப்பு கல்லுக்குத் தெக்க நாலு முழம், என் வரப்பு வடக்க ஆறு முழம்னு சொல்லிட்டுப் போயிரலாம். ஒவ்வொரு வரப்புக்கும் மெட்ராசுல இருந்து சங்கிலி பிடிச்சு எவன் வருவான்? அது மாதிரி ஒத்தைப் புள்ளியோட பாதையை மட்டும் ஆயிரம் இலக்கத்துல நடத்திடணும். மத்த 20 லட்சமும் 'அந்தக் கல்லுக்கு நான் எவ்ளோ தள்ளி'ங்கிற சின்ன எண்ணை மட்டும் சுமந்துக்கிட்டு சாதாக் கணக்குலயே நடக்கும். போதாததுக்கு, ஆரம்பத்துல எல்லாப் புள்ளியும் கல்லோட ஒட்டிக்கிட்டேதான் போவும்கிறதால, அந்த முதல் பல ஆயிரம் அடியை ஒரே தாவாத் தாண்டவும் வழி இருக்கு. மாசக்கணக்கு வேலை மணிக்கணக்குல முடிஞ்சிரும். அப்புறம் வந்த 'கல்லஸ் ஃப்ராக்டாலர்' மாதிரி நிரல் எல்லாம் இந்தக் கல்லு மேல எழும்புனதுதான்.

ஆனா கல்லு எப்பவும் நல்ல கல்லா இருக்காது பாத்துக்கிடும். எங்கயோ ஒரு அடியில கல்லோட எண்ணும் உம்ம 'எவ்ளோ தள்ளி'ங்கிற எண்ணும் ஒண்ணையொண்ணு தின்னு, மிச்சம் இலக்கமே இல்லாமப் போவும். படத்துல அங்கன ஒரு மழுங்கின திட்டு விழும், இல்லைன்னா ஒரே கரகரப்பு. போன வாரம் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இது புதுசான உருவம்"னு குதிச்சீரே, அது அந்தத் திட்டுத்தான்வே. நான் வாயைத் தொறக்கலை, பய சந்தோசத்தைக் கெடுப்பானேன்னு. அந்த எடத்துல இன்னொரு கல்லு நடணும். இன்னொண்ணு, அந்தச் சின்ன எண்ணு 10-ன் கழித்தல் 308-ஆம் அடுக்கைத் தாண்டிக் கீழ போனா சைபராச் செத்துரும். அதுக்கு மேல ஆழம் வேணும்னா அடுக்கைத் தனியாப் பிரிச்சு வைக்கணும். உம்ம நிரல் வைக்குதான்னு பாத்தீரா? பாத்திருக்க மாட்டீரு.

சரி, ஆழம் ஆழம்னு மீசையை முறுக்குதீரே, அதைக் கொஞ்சம் பேசுவோம். ஒரு புரோட்டானைப் பிடிச்சு, நாம பாக்க முடிஞ்ச பிரபஞ்சம் அளவுக்கு ஊத வைக்க ஒண்ணுக்குப் பின்னால 42 சைபர் போதும். நீரு 1000 சைபர் எறங்குனேன்னு சொல்லுதீரு. ஆழத்துக்கு என்னவே பெருமை? மௌசுச் சக்கரத்தை உருட்டத் தெரிஞ்ச எவனும் எறங்கலாம். எங்கன திரும்புனீருங்கிறதுலதான் சாமர்த்தியம். உள்ள ஒளிஞ்சிருக்கிற ஒவ்வொரு குட்டி மாண்டல்பிராட்டும், நீரு வந்த வழியில என்னென்ன பாத்தீரோ அதையெல்லாம் தன்னைச் சுத்தி மாலையாக் கட்டிக்கிட்டிருக்கும். கிட்டப் போகப் போக அந்த மாலை ரெண்டாவும், நாலாவும், எட்டாவும், பதினாறாவும் மடங்கிக்கிட்டே வரும். வழியில சலிப்பானதையே பாத்து வந்தவனுக்கு அடியிலயும் சலிப்புத்தான் பதினாறு மடங்கா நிக்கும். குட்டிக்கு நேரா எறங்காம, நடுவுல பைய ஓரமாத் திரும்பி, வேற ஒரு சுருளைப் பிடிச்சுக்கிட்டுப் போனாத்தான் அடியில நீரு பூத்தையல் போட்ட மாதிரி விளைச்சல் கெடைக்கும். அதை விட்டுட்டு, எதயம் மாதிரி இருக்கிற பெரிய பாகத்துக்கும் இடதுபக்க வட்டத்துக்கும் நடுவுல இருக்கே கடல்குதிரைப் பள்ளத்தாக்கு, எல்லாரும் போற அங்கனயே நீரும் போய் நிப்பீரு. அங்க கூட்டம் ஜாஸ்தி. வேற எடத்துக்கா பஞ்சம்? இந்தக் கணத்தோட விளிம்பு எவ்ளோ முறுக்குன்னா, அது வெறும் கோடுதான்னாலும் அதுக்கு ரெண்டு பரிமாணம்னு ஜப்பான்காரர் ஷிஷிகுரா நிரூபிச்சிருக்காரு. 1998-ல அது அச்சுல வந்துச்சு.

அப்புறம் அந்தக் கறுப்பு. ஆழத்துல போய்ப் படம் முழுக்கக் கறுத்துப் போனா, சூனியத்தைக் கண்டுட்டேன்னு ஆடாதேயும். அடி எண்ணிக்கைக்கு நீரு வச்ச வரம்பு பத்தலை, அவ்ளோதான். கூட்டி வையும். ஓரத்துல பொடிமணல் தூவுன மாதிரிக் கரகரன்னு இருந்தா, பெருசா வரைஞ்சு சின்னதாச் சுருக்கும். நிறத்தை, எண்ணிக்கைக்கு நேரா ஒட்டாம மடக்கை போட்டு வழிய விடும். இல்லைன்னா பட்டை பட்டையா, கல்யாணப் பந்தல் துணி மாதிரித்தான் தெரியும். நீரு போடுற நிறத்தைப் பாத்தா எனக்குச் சந்தேகம், உமக்கு அந்தப் பந்தல்தான் பிடிக்குதோ என்னமோ.

வீடியோவா எடுக்கப் போறீராம்லா. ஒவ்வொரு படமும் முந்தினதை விட ரெண்டு மடங்கு ஆழம்னு வச்சா, 300 சைபருக்கு ஆயிரம் படத்துக்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல உள்ளதை எல்லாம் அந்தப் படங்களை இழுத்தே நிரப்பிக்கிடலாம். அடியில இருந்து மேல ஏறி வரட்டும். கடினமானது முதல்ல முடிஞ்சா, போகப் போக வேகம் கூடும்.

அது கெடக்கட்டும், எறங்குன எடத்தைச் சொல்லுற ரெண்டு எண்ணையும் எங்க எழுதி வச்சிருக்கீரு? ஆயிரம் சைபர் ஆழம்னா ரெண்டு எண்ணுலயும் ஆயிரத்துக்கு மேல இலக்கம் இருக்கும், நடுவுல ஒண்ணு தப்புனாலும் நீரு எறங்குறது வேற ஊரு. என்ன முழிக்கீரு? படத்தை மட்டுந்தான் சேமிச்சீரா? நல்லாருக்கும்வே, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டும். வர்றவன் போறவன்கிட்ட, நான் ஒரு தடவ இங்கன போயிருக்கேன், வழிதான் மறந்துட்டுன்னு சொல்லிக்கிடலாம்.